கடைசியில் எழுதிய அந்த மூன்று வரி

வாசகியின் கடிதம், சற்றுச் சுருக்கி:

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரை ஊர். மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம். உட்கார்ந்தது, தவழ்ந்தது எல்லாமே தாமதம். ஒன்றே முக்கால் வயதில்தான் நடந்தான். இப்போது பத்துப் பதினைந்து வார்த்தை சொல்வான், சேர்த்துப் பேச மாட்டான். அங்கன்வாடியில் ஓரிடத்தில் இருக்க மாட்டான். கையை உதறிக்கொண்டே சுற்றுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். காது அடிக்கடி ஒழுகும். மாமனார் முற்றத்தில் வலை வேலை பார்ப்பார், இவன் அவர் பக்கத்திலேயே கிடப்பான். பிறந்ததும் கொஞ்சம் தாமதமாக அழுதான், அதில் மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று ஒரு டாக்டர் சொன்னார். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல் என்று வந்தது. இன்னோர் இடத்தில் ஜீன் டெஸ்ட் மொத்தமாக எடுத்துவிடலாம், முப்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். ஊரில் கேட்டால் மணலால்தான் என்கிறார்கள். மாமியார் என்னைத்தான் சொல்கிறார். நாங்கள் சொந்தத்தில் கட்டவும் இல்லை. காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, பிள்ளை சரியாகிவிடுவானா என்று கணவர் கேட்கிறார். அடுத்த குழந்தைக்கு வீட்டில் நெருக்குகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. எனக்கு ஓர்மை தெரிந்த நாள் முதல் என் அண்ணனுக்கும் புத்தி கொஞ்சம் குறைவு, இதுவரை எந்த டாக்டரிடமும் காட்டியதில்லை. கல்யாணம் பேசும்போது அதை முழுதாகச் சொல்லவில்லை. டாக்டரிடம் போகும்போதெல்லாம் மாமியார் கூடவே இருப்பதால் அங்கேயும் சொன்னதில்லை. இப்போது தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், நீ வாயைத் திறக்காதே என்கிறாள் அம்மா."

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீங்கள் எழுதிய வரிசையில். இரண்டாம் முறை, "இன்னொன்று" என்று தொடங்கித் தயங்கித் தயங்கி எழுதிய அந்த மூன்று வரியிலிருந்து மேல்நோக்கி. அங்கிருந்து படித்தால் கடிதமே வேறாக இருக்கிறது. இதுவரை உங்கள் மகனைப் பார்த்த எந்த டாக்டருக்கும் கிடைக்காத தகவல் உங்கள் அண்ணன். எம்.ஆர்.ஐ.யை விட, அந்த முப்பதாயிரம் ரூபாய் டெஸ்டை விட, இப்போதைக்கு அந்த மூன்று வரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

நாகர்கோவிலில் முப்பது வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளைப் பார்த்து வருகிறேன். வளர்ச்சி தாமதமான ஒரு பிள்ளைக்குக் காரணம் தேடும்போது பாதி வேலை பேச்சிலேயே முடிந்துவிடும். கர்ப்பத்தில் என்ன நடந்தது, பிரசவம் எப்படி, பிறகு காய்ச்சல், வலிப்பு ஏதாவது வந்ததா என்று கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தலைமுறைக் குடும்பத்தை வரைவோம். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். யாருக்குப் படிப்பு வரவில்லை, யாருக்கு வலிப்பு, யாருக்குக் குழந்தை தங்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் குறிப்போம். உங்கள் மகனுக்கு இதுவரை வரைந்த தாள்களில் அம்மா வழிப் பக்கம் சுத்தமாக இருந்திருக்கும். அதனால்தான் ஒருவர் பிரசவத்தைக் கைகாட்டினார், இன்னொருவர் மொத்த டெஸ்ட்டுக்குப் போனார். அவர்கள் மேல் தவறு சொல்ல மாட்டேன். உங்கள் மேலும் இல்லை.

முதலில் ஊரிலும் வீட்டிலும் சொல்லப்படும் காரணங்களைப் பார்த்துவிடலாம். அவைதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கின்றன என்று நினைக்கிறேன்.

பிறந்ததும் தாமதமாக அழுதது. நம் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கு வளர்ச்சி குறைந்தாலும் முதலில் சொல்லப்படும் காரணம் இதுதான். பிரசவத்தில் மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்து பாதிப்பு வருவது உண்மை, நானே நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளை அடுத்த சில நாட்களிலேயே அதைக் காட்டிவிடும். பாலை இழுத்துக் குடிக்காது. துணி மாதிரித் துவண்டு கிடக்கும், அல்லது முதல் ஓரிரண்டு நாளிலேயே வலிப்பு வரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டியிருக்கும். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலும் அதன் தழும்பு தெரியும். உங்கள் மகன் அன்றைக்கே பால் குடித்து, மூன்றாம் நாள் உங்களோடு வீட்டுக்கு வந்திருந்தால், அந்தக் கொஞ்ச நேரத் தாமதத்தின் மேல் இவ்வளவு பெரிய பழியைச் சுமத்த முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். பிறந்த எடை, தலைச் சுற்றளவு, எந்த நிமிடத்தில் அழுதான் என்பதெல்லாம் அதில் இருக்கும். நினைவில் இருப்பதை விட அந்தச் சீட்டில் இருப்பதை நம்பலாம்.

எம்.ஆர்.ஐ. நார்மல் என்பதால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றோ, காரணமே இல்லை என்றோ ஆகாது. அது மூளையின் உருவத்தைக் காட்டும் படம். நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தேவையான ஒரு புரதம் சரியாக உருவாகவில்லை என்றால் அந்தப் படத்தில் எதுவும் தெரியாது. உங்களுக்கு அது பிரசவக் காரணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தது, அந்த அளவுக்கு உபயோகம்.

அடுத்து மணல். உங்கள் ஊரிலிருந்து வரும் தாய்மாரில் பாதிப் பேர் இதைக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1909ல் அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அந்தக் கருமணல் ஊர்ப் பேச்சில் இருந்துகொண்டே இருக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களை விட அதிகம், அதில் சந்தேகம் இல்லை. 1976ல், நம்மைப் போலவே மணல் உள்ள கேரளக் கரையில், பிறவியிலேயே மனவளர்ச்சி குறையும் டவுன் சிண்ட்ரோம் அதிகம் என்று ஓர் ஆய்வு நேச்சர் இதழில் வந்தது, அந்தப் பயம் இன்றும் போகவில்லை. அதற்குப் பிறகு 1995 முதல் அந்தக் கரையின் மருத்துவமனைகளில் பிறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, மணல் உள்ள ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். பிறவிக் குறைகள் கூடுதலாகத் தெரியவில்லை. 2012ல் வெளியான இன்னோர் ஆய்வு, மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் எடுத்து, அவர்கள் குடும்பம் வாழ்ந்த இடத்தின் கதிர்வீச்சைக் கணக்கிட்டுப் பார்த்தது. அதிலும் தொடர்பு தெரியவில்லை. மணல் எடுப்பதைப் பற்றி ஊருக்கு இருக்கும் மற்றக் கவலைகள் வேறு, அவற்றில் நான் குறுக்கே வரவில்லை. உங்கள் மகனின் பேச்சுக்கு மணலைக் காரணம் சொல்ல ஆதாரம் இல்லை. அண்ணனை மனதில் வைத்துப் பார்த்தால் இன்னும் இல்லை.

சொந்தத்தில் கட்டவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். மரபு வழி நோய் என்றால் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில்தான் வரும் என்று நம் மக்கள் மனதில் பதிந்துவிட்டது. தமிழ்நாட்டில் உறவுக்குள் திருமணம் அதிகம், அதனால் கூடும் சில நோய்களும் உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான ஜீன் வந்து சேரும்போது வருபவை அவை. ஆனால் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் கரு உருவாகும்போது புதிதாக ஏற்படும் மாற்றத்தால் வருபவை ஏராளம். அம்மாவின் எக்ஸ் குரோமோசோம் வழியாக மகனுக்கு வருபவையும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சொந்தம் இல்லை என்பதால் ஜீன் பக்கமே பார்க்க வேண்டாம் என்று விட்டுவிட முடியாது.

இந்த எக்ஸ்தான் உங்கள் அண்ணன் விஷயத்துக்கு வாசல். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. பெண்ணின் ஒரு எக்ஸில் பழுது இருந்தால் மற்றது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதனால் அவள் நன்றாகப் படிப்பாள், வேலைக்குப் போவாள், யாருக்கும் தெரியாது. அதே எக்ஸ் மகனுக்குப் போனால் தாங்குவதற்கு இன்னொன்று இல்லை. உங்கள் அம்மா நன்றாக இருக்கிறார், நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள். அம்மாவின் மகனுக்கும் உங்கள் மகனுக்கும் புத்தி வளர்ச்சியில் தாமதம். தாளில் வரைந்தால் இரண்டு சதுரமும் கறுப்பு, நடுவில் இருக்கும் இரண்டு வட்டமும் வெள்ளை. இந்தப் படத்தைப் பார்த்ததும் குழந்தை டாக்டர்கள் முதலில் நினைக்கும் பெயர் ஃப்ராஜைல் எக்ஸ். பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கு உலகம் முழுக்க மிகச் சாதாரணமான காரணம் அது. நீங்கள் எழுதிய கை உதறல், முகம் பார்க்காமை, ஓயாத சுற்றல், அடிக்கடி ஒழுகும் காது எல்லாம் அதற்குப் பொருந்தும். வேறு பலவற்றுக்கும் பொருந்தும், அதனால் கடிதத்தை வைத்து இதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை. முதலில் பார்க்க வேண்டியது இது என்று மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நீங்களே வீட்டில் சில விஷயங்களைக் கவனிக்கலாம். அண்ணனின் முகம் கொஞ்சம் நீளமா? காது பெரிதாக, முன்னால் விரிந்தாற்போல் இருக்கிறதா? மகனின் கைவிரல்களைப் பின்னால் மடக்கினால் மற்றப் பிள்ளைகளை விட அதிகமாக வளைகிறதா? ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நடக்கவிட்டுப் பாருங்கள். உள்ளங்கால் முழுவதும் பதிகிறதா? சிறு வயதில் முகத்தில் பெரிதாக எதுவும் தெரியாது, வயதுக்கு வந்த பிறகுதான் அடையாளங்கள் தெளியும். அதனால் அண்ணனின் பழைய போட்டோ இருந்தால், அவர் மூன்று நான்கு வயதில் எடுத்தது, அதைக் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து இரண்டு கேள்வி கேளுங்கள். உங்களுக்கு மாதவிடாய் எந்த வயதில் நின்றது? உங்கள் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிகளுக்கோ அறுபதை ஒட்டி கை நடுக்கமும் தள்ளாட்டமும் வந்ததா? என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்பார். ஃப்ராஜைல் எக்ஸுக்குக் காரணமான ஜீனில் சிஜிஜி என்ற மூன்றெழுத்துத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும். சாதாரணமாக 44 வரை இருக்கும். 55 முதல் 200 வரை போனால் அவர் இதைக் கடத்துபவர். 200ஐத் தாண்டினால் ஜீன் வாயடைத்துப்போகும், நோய் வரும். கடத்தும் பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நிற்கும். கடத்தும் ஆண்களில் சிலருக்கு முதுமையில் நடுக்கம் வரும், இது 2001ல்தான் விவரிக்கப்பட்டது. பேரனுக்குப் பேச்சு வராததும் தாத்தாவின் கை நடுங்கியதும் ஒரே ஜீனின் வேலையாக இருந்த குடும்பங்கள் உண்டு. பேரனின் நோய் என்னவென்று தெரியும் வரை தாத்தாவின் நடுக்கத்தை வயோதிகம் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

இப்போது அந்த முப்பதாயிரத்துக்கு வருகிறேன். "மொத்தமாக" என்று சொல்லப்படுவது எக்ஸோம் சீக்வென்சிங். நல்ல டெஸ்ட்தான், நானே பலருக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் ஜீனின் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் படிக்கும் முறை அது. ஒரே மூன்றெழுத்து நூறு முறை, இருநூறு முறை திரும்ப வந்தால் அதை எண்ணுவது அதன் வேலை இல்லை. ஃப்ராஜைல் எக்ஸை அது தவறவிடும். குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோஅரே என்ற இன்னொரு டெஸ்டும் தவறவிடும். ரிப்போர்ட்டில் "எதுவும் இல்லை" என்று வரும், குடும்பம் ஜீனில் பிரச்சினை இல்லை என்று நிம்மதியாகி அடுத்த குழந்தைக்குப் போய்விடும். அந்த அடுத்த குழந்தையும் அதே மாதிரி என் மேஜை முன்னால் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஃப்ராஜைல் எக்ஸுக்குத் தனி டெஸ்ட் இருக்கிறது. எக்ஸோமை விடச் செலவு மிகக் குறைவு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம், கொஞ்சம் ரத்தம் எடுத்து அனுப்பினால் சில வாரத்தில் முடிவு வரும். முதலில் அது. அதில் இல்லை என்று வந்தால் மைக்ரோஅரே, நூற்றுக்குப் பதினைந்து இருபது பிள்ளைகளுக்கு அதில் காரணம் கிடைக்கும். அதிலும் இல்லை என்றால் எக்ஸோம். அண்ணன் விஷயம் தெரியாத குடும்பத்துக்கு நானும் வரிசையை மாற்றித்தான் சொல்லியிருப்பேன்.

ஜீனுக்குப் போகும் முன்பு, கையில் எட்டும் விஷயங்கள் சில இருக்கின்றன. அண்ணன் கதை எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் இவற்றை விடக்கூடாது, ஏனென்றால் இவற்றில் சிலவற்றுக்கு மருந்து இருக்கிறது.

காதைப் பரிசோதியுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. ஒழுகும் காது பாதி கேட்கும், பாதி கேட்காது. வாசலில் நாய் குரைத்தால் திரும்புவான், ஆனால் "சாளை" என்பதற்கும் "வாளை" என்பதற்கும் வித்தியாசம் அவனுக்குப் போய்ச் சேராது. பெரா என்று ஒரு பரிசோதனை, பிள்ளையைத் தூங்கவைத்துச் செய்வது. அப்படியே கண்ணையும் காட்டிவிடுங்கள்.

தைராய்டு பார்த்தாயிற்றா என்று எழுதவில்லை. சில வருடம் முன்பு பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு தம்பதி இரண்டரை வயதுப் பெண்பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். பிடித்து நிறுத்தினால்தான் நிற்கும். தோல் கையில் உரசியது, சொரசொரவென்று. நாக்கு வாய்க்குள் அடங்காமல் உதட்டுக்கு மேல் கிடந்தது. தொப்புள் எலுமிச்சம்பழம் போலத் துருத்தியிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறைதான் மலம் போகும் என்றாள் தாய். அதற்கு முன் போன இடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் டானிக் கொடுத்திருந்தார்கள். தைராய்டு குறைவைக் காட்டும் ஒரு டி.எஸ்.எச். ரத்த டெஸ்ட், தினம் ஒரு மாத்திரை. ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை என் அறைக்குள் தானே நடந்து வந்தது. ஆனால் பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டிய மாத்திரை அது. தவறிப்போன இரண்டரை வருட மூளை வளர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை, இப்போது பள்ளியில் கஷ்டப்படுகிறாள். உங்கள் மகனுக்கு இந்த அடையாளம் எதையும் நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். அடுத்த பிரசவம் எப்போது நடந்தாலும் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்தார்களா என்று கேட்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

மாமனார் முற்றத்தில் வலை வேலை பார்ப்பார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே கொஞ்சம் நின்றேன். வலையின் அடிக்கயிற்றில் கட்டும் ஈயக் குண்டுகளை அவர் அந்த முற்றத்தில் வைத்துக் கட்டுகிறாரா? பழைய ஈயத்தை உருக்கி ஊற்றும் வழக்கம் உண்டா? பக்கத்திலேயே கிடக்கும் பிள்ளை அதை வாயில் போடுகிறானா? ஈயம் உடம்பில் சேர்ந்தால் கவனமும் கற்கும் திறனும் குறையும். நடக்கத் தாமதமானதற்கு இது காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன், ஆனால் ஏற்கெனவே சிரமப்படும் மூளைக்கு மேலும் ஒரு சுமை. ரத்தத்தில் ஈயத்தின் அளவு பார்க்கலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். டெஸ்ட் எப்படி வந்தாலும், ஈயத்தை உருக்குவதை வீட்டைவிட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாத்தா கை கழுவிவிட்டுத்தான் பேரனைத் தூக்க வேண்டும். அதே ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பார்த்துவிடலாம்.

காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கணவர் கேட்கிறார். கோபத்தில் கேட்டிருக்க மாட்டார், களைத்துப்போய்க் கேட்டிருப்பார். அவருக்கு என் பதில் இது. ஃப்ராஜைல் எக்ஸ் என்று வந்தால் அதைக் குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. அதைச் சுற்றி விளம்பரம் செய்யப்படும் மூளை டானிக், ஸ்டெம் செல் எதற்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆனால் பெயர் தெரிந்தால் நிறைய மாறும். இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு வலிப்பு வரும், சிலருக்கு இதய வால்வில் தளர்ச்சி இருக்கும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். சத்தமும் கூட்டமும் இவர்களைத் திணறடிக்கும் என்று தெரிந்தால், திருவிழாவில் அலறும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று அடிக்க மாட்டோம். "முகத்தைப் பார், முகத்தைப் பார்" என்று கட்டாயப்படுத்துவதை விட்டுவிடுவோம். காதால் கற்பதை விடக் கண்ணால் கற்பது இவர்களுக்கு எளிது என்று தெரிந்தால், சொல்லித் தருவதை நிறுத்திக் காட்டித் தருவோம். அதற்கெல்லாம் மேலே, ஒரு டாக்டரிலிருந்து இன்னொரு டாக்டர், ஒரு நேர்ச்சையிலிருந்து இன்னொரு நேர்ச்சை என்று ஓடும் ஓட்டம் நிற்கும். அடுத்த குழந்தையைப் பற்றிக் கணக்குப் போட்டு முடிவெடுக்கலாம்.

அந்தக் கணக்கு இதுதான். நீங்கள் கடத்துபவராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்த எக்ஸ் போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிள்ளைக்குப் போகும் எக்ஸில் அந்த மூன்றெழுத்தின் எண்ணிக்கை எவ்வளவு கூடும் என்பது உங்கள் எண்ணைப் பொறுத்தது. ஆண்பிள்ளைக்கு 200ஐத் தாண்டிய முழு அளவில் போனால் பாதிப்பு ஏறக்குறைய உறுதி. பெண்பிள்ளைக்குப் போனால் பலர் லேசான சிரமத்தோடு சமாளித்துவிடுவார்கள். கரு 11 முதல் 13 வாரத்தில் இருக்கும்போதே பரிசோதித்துத் தெரிந்துகொள்ளலாம். அப்போது என்ன செய்வது என்பது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு, மாமியாரோ நானோ எடுப்பது அல்ல. ஆனால் முதல் பிள்ளையின் ரிப்போர்ட் கையில் இல்லாமல் கர்ப்பத்தில் என்ன தேடுவது என்றே எங்களுக்குத் தெரியாது. அதனால் ரிப்போர்ட் வரும் வரை அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடுங்கள். வீட்டில் கேட்டால் டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று என் தலையில் போடுங்கள்.

சரி, மாமியார். இது உங்கள் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால் அவர் கை ஓங்கிவிடும் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன், நம் வீடுகளை நானும் அறிவேன். இதில் எனக்குப் பழகிப்போன ஒரு வழி உண்டு. பிள்ளைக்கு எடையும் உயரமும் பார்க்க வேண்டும் என்று பாட்டியையும் பேரனையும் நர்ஸோடு பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுவேன். பத்து நிமிடம் தாயோடு தனியாகப் பேசுவேன். எந்தக் குழந்தை டாக்டரிடமும் நீங்கள் இதைக் கேட்கலாம், அல்லது ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் "தனியாகப் பேச வேண்டும்" என்று எழுதி மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே வைத்துக் கொடுக்கலாம். நீங்கள் சொல்வது உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே போகாது. ரிப்போர்ட் வந்த பிறகு முதலில் கணவருக்குச் சொல்லுங்கள், டாக்டர் அறையில், டாக்டர் வாயால். இதில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, இந்த ஜீனைக் கடத்தும் ஆண்களும் இருக்கிறார்கள், ஏதாவது ஒரு பழுதான ஜீனைச் சுமக்காத மனிதரே இல்லை, அந்த மாமியார் உட்பட என்று நான் பல குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறேன். அதை ஒரு மருமகள் சொல்வதும் டாக்டர் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

தங்கை விஷயத்தில் இன்றைக்கு யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். மகனுக்கும் அண்ணனுக்கும் முடிவு வரட்டும். இந்த நோய் இல்லை என்றால் இதைப் பற்றித் தங்கைக்குக் கவலை இல்லை, எக்ஸ் வழியாக வரும் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பிறகு பார்க்கலாம். இருக்கிறது என்றால், அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை தங்கைக்கு உண்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்பதை அவளே தீர்மானிப்பாள். அவளிடம் மறைத்து, நாளை அவளும் கையில் ஒரு பிள்ளையோடு இதே கடிதத்தை எனக்கு எழுதினால் அம்மாவால் தாங்க முடியாது. இதை அப்படியே அம்மாவிடம் சொல்லுங்கள்.

டெஸ்ட், ரிப்போர்ட் எல்லாம் ஒரு பக்கம் நடக்கட்டும். பயிற்சி அதற்காகக் காத்திருக்கக் கூடாது. காரணம் எதுவானாலும் இந்த வயதில் பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் தேவை, காரணமே கிடைக்காமல் போனாலும் தேவை. ஐந்து வயதுக்குள் இதற்குப் பெயர் வளர்ச்சித் தாமதம்தான். புத்தித்திறனை அளந்து எண்ணாகச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு, இப்போது யாராவது ஐ.க்யூ. இத்தனை என்று எழுதிக் கொடுத்தால் அதை நம்பி உடைந்துபோகாதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் இருக்கிறது. குழந்தை டாக்டர், பேச்சுப் பயிற்சி, காது பரிசோதனை எல்லாவற்றுக்கும் முதல் வாசல் அது. பணம் கேட்க மாட்டார்கள். அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை வரும் மருத்துவக் குழுவும் அங்கே அனுப்பி வைப்பார்கள். மரபணு டாக்டர் தேவைப்பட்டால் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை நமக்குப் பக்கம். மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வாங்கிவிட்டால் பராமரிப்பு உதவித்தொகைக்கும், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் அதில் வரும்.

வீட்டில் ஒரு நல்ல ஆசிரியர் ஏற்கெனவே இருக்கிறார், மாமனார். பிள்ளை நாள் முழுக்க அவர் பக்கத்தில் கிடக்கிறான் என்றால் அந்த மனிதரிடம் அவனுக்குப் பயமில்லை. ஈயத்தை அப்புறப்படுத்திய பிறகு மிதவைகளை அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு மிதவை கொடுத்து "ஒண்ணு", இன்னொன்று கொடுத்து "ரெண்டு". மீன் வந்தால் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டி "சாளை", இன்னொன்று "அயிலை". அதற்கு மேல் பேச வேண்டாம். கேள்வி கேட்க வேண்டாம், சொல்லு சொல்லு என்று நச்சரிக்கவும் வேண்டாம். காட்டி, ஒரு சொல் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்கட்டும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை போதும். பத்துப் பதினைந்து வார்த்தை இருக்கும் பிள்ளைக்கு அடுத்த பத்து இப்படித்தான் வரும்.

ரத்தம் கொடுக்க வரும் நாளில் அண்ணனையும் கூட்டி வாருங்கள். மகனோடு சேர்த்து அவருடைய ரத்தத்தையும் பார்த்தால் விடை இன்னும் தெளிவாகக் கிடைக்கும். அது மட்டும் காரணம் இல்லை. அவரை ஒரு டாக்டரிடம்கூடக் காட்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் காது இருக்கிறது, பல் இருக்கிறது, இதயம் இருக்கிறது, அவருக்குச் சேர வேண்டிய அட்டையும் உதவித்தொகையும் இருக்கின்றன. காலை பஸ் வேண்டாம், கூட்டமும் ஹார்ன் சத்தமும் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பதினோரு மணிக்கு மேல் கூட்டம் குறைந்ததும் ஏற்றிவிடுங்கள், ஜன்னல் பக்கம்.